கட்டமும் புள்ளியும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே முக்கால் மணி. தருமபுரியில் விடியலில் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. காற்று இல்லாததால் அது நேர்கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பென்னாகரம் சாலையில், டயர்க் கடை ஒன்றின் மேல்மாடியில், வஜ்ரகாப்புப் பாதுகாப்புச் சேவை நிறுவனத்தின் கிளை அலுவலகம் இருந்தது. அதன் வெளி நடையில் போட்டிருந்த இரும்பு பெஞ்சில் மதியழகன் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அருகில் காசியம்மாள், சீருடையின் காலணிகளைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலை ஈரத்தரையில் படாமல் தூக்கி வைத்திருந்தாள்.

"சட்டையப் போட்டுக்கடா. கூப்புடறப்ப கழட்டிக்கலாம். குளுர்ல வெறச்ச கோழியாட்டம் உக்காந்திருக்க."

"கழட்டி ரெடியா இருக்கணும்னு சொன்னாங்கக்கா."

"சொல்லுவாங்க. என்னைய ஷூவக் கழட்டச் சொன்னாங்க. சேர்றப்ப ஒசரம் அளந்தாங்க, சரியா இருந்தேன். இப்ப ஒரு நூல் கொறயுதாம். கேட்ல நின்னு நின்னு தேயறதுக்கு நான் என்ன சோப்புக் கட்டியா?"

மதியழகன் மடியிலிருந்த சட்டையை இன்னொரு முறை மடித்தான். இருவரும் அரூர் சாலையிலுள்ள ஒரு ஜவ்வரிசி ஆலையின் வாயிலில் காவல் நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டு எடைமேடைக்கு அனுப்புவதும், வெளியே போகும் மூட்டைகளைச் சரிபார்ப்பதும் அவர்கள் வேலை. நிறுவனத்தின் பதிவில் இருவரும் இன்னும் பயிற்சி நிலைக் காவலர்கள். பயிற்சி நிலையில் ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது. நிரந்தரமானால் வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் வண்டிக்கு மாற்றுவார்கள், அட்டை கிடைக்கும், அட்டையில் தாயின் பெயரையும் சேர்க்கலாம். மதியழகனின் தாய்க்கு இதயத்தின் வால்வு ஒன்றை மாற்றியிருந்தார்கள். அறுவைச் சிகிச்சையை அரசு காப்பீடு பார்த்துக்கொண்டது. அதன் பிறகு உயிருள்ளவரை விழுங்க வேண்டிய மாத்திரையையும், மாதந்தோறும் செய்ய வேண்டிய இரத்தப் பரிசோதனையையும் அவன் பார்த்துக்கொண்டான். இரண்டு முறை பரிசோதனை தவறியிருந்தது.

ஓட்டத்தில் தேறியிருந்தான். எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தான். கண், காது, நெஞ்சளவு எல்லாம் முடிந்திருந்தன. உடம்பில் பச்சை, தழும்பு ஏதும் உண்டா என்று பார்க்கும் உடற்குறிப் பார்வை ஒன்றுதான் மீதி.

உள்ளே கிளை மேலாளர் மாதவராஜ் மேசைக்குப் பின்னால் இருந்தார். சீருடைப் பணி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்கு மட்டும் மை பூசுவார். மதியழகனைத் திரும்பச் சொல்லி முதுகைப் பார்த்தார், தோள்களைப் பார்த்தார், இடது கையை மேசைமேல் நீட்டச் சொன்னார். முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, கருநீல எழுத்து இருந்தது.

"இது என்னாது?"

"பேருங்க சார். எங்கம்மா பேரு. பாப்பா."

மாதவராஜ் தலையைச் சாய்த்துப் படித்தார். பிறகு கையைப் பிடித்து மறுபுறம் திருப்பினார்.

"இந்தப் பக்கம்?"

"அதுவும் பாப்பாதாங்க."

"அதெப்புடி?"

"அப்புடி எழுதுனதுங்க சார். எப்புடித் திருப்புனாலும் ஒண்ணேதான் வரும்."

"எதுக்கு? ஒரு பக்கம் மட்டும் எழுதுனா உங்கம்மா கோச்சுக்குமா?"

கணினிக்கு முன்னால் இருந்த ஐஸ்வர்யா சிரிப்பை அடக்க விசைப்பலகையைப் பார்த்தாள். மாதவராஜ் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எழுத்தின் நடுவே விரலை வைத்தார். அங்கே நான்கு பக்கமும் மூடிய ஒரு கட்டமும், அதற்குள் சரியாக மையத்தில் ஒரு புள்ளியும் இருந்தன.

"இது என்ன எழுத்து?"

"இப்பன்னாங்க சார். புள்ளி வச்ச ப."

"நானும் தமிழ் படிச்சவன்தான். இப்பன்னாவுக்கு மேல மூடி எப்ப வந்துச்சு?"

அவர் தம் கைப்பேசியை எடுத்துப் படம் ஒன்றைத் தேடி, அவன் பக்கம் நகர்த்தினார். தொப்பூர் மலைச்சாலையில் பந்தயம் விட்டதற்காகப் பிடித்துவந்து வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த மோட்டார் சைக்கிள்கள். பெரும்பாலானவற்றின் முகப்பில் ஓர் ஒட்டுப்படம் இருந்தது. கட்டம், உள்ளே புள்ளி.

"இவனுங்க அம்மா பேரும் பாப்பாவா?"

மதியழகன் படத்தைப் பார்த்தான். அந்த ஒட்டுப்படம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். அதைச் சொன்னால் எதில் கொண்டுபோய் விடும் என்பது தெரியவில்லை.

"நீ எந்த ஊரு?"

"கம்பைநல்லூர் பக்கங்க."

"ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க."

மாதவராஜ் எதையோ குறித்துக்கொண்டார். "அமைப்பு, கட்சி, பசங்க குரூப்பு, அப்புடி ஏதாச்சும் இருந்தா இப்பயே சொல்லிரு. நானாக் கண்டுபுடிச்சா வேற மாதிரி ஆயிரும்."

"அப்புடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்."

"ஒடம்புல பேரு இருக்கலாம், சாமி இருக்கலாம். வேற எந்த அடையாளமும் ஆவாது. ரூல்ஸ் அது. பணம் ஏத்துற வண்டிக்கு அனுப்புறேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான் கேப்பான்." அவர் கையை விட்டார். "இதக் குத்துனவன் யாரோ, அவனக் கூட்டிட்டு வா. வெள்ளிக்கிழம. அவன் வாயால சொல்லட்டும்."

வெளியே வந்ததும் காசியம்மாள் கேட்டாள். அவன் சொன்னான்.

"அடப் பாவமே. கேட்ல நிக்கிறப்ப இதே கைதானடா? அப்ப எவன் கண்ணுக்கும் படல. இந்தக் கம்பெனியில நெரந்தரமான ஆளு ஒருத்தனக் காட்டு, நான் மொட்ட போட்டுக்கறேன்."

அன்று பிற்பகலே அவன் அரூருக்குப் பேருந்து ஏறினான். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடிப்படியின் அடியில் இருந்தது வீரா ஆர்ட்ஸ். வண்டி எண் பலகை, ஒட்டுப்படம், கடைச் சின்னம், திருமண மேடை எழுத்து, பச்சை குத்துதல் ஆகிய அனைத்தையும் வீரமணி ஒருவனே செய்தான். அவன் குடும்பத்துக்கு மொரப்பூர்ப் பக்கம் நிலம் இருந்தது. அதில் அவனுக்கு ஈடுபாடு இல்லை. எழுத்தில் இருந்தது.

பச்சை குத்தும் கடைகளில் தீராத வழக்கு ஒன்று உண்டு. குத்திக்கொள்பவன், எழுத்து தன்னைப் பார்த்து இருக்க வேண்டும் என்பான். எதிரில் உட்கார்ந்து குத்துபவன், கையைத் தொங்கவிட்டால் உலகம் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பான். எந்தப் பக்கம் குத்தினாலும் சில மாதங்களில் வந்து முறையிடுவார்கள். வீரமணி இந்த வழக்கைத் தீர்க்க விரும்பித்தான் தலைகீழ் எழுத்தில் இறங்கினான். கைப்பேசியில் ஆங்கிலப் பெயர்களை அப்படி எழுதுபவர்களைப் பார்த்தான், தமிழில் முயன்றான். பெரும்பாலான பெயர்கள் இணங்கவில்லை. இணங்கியவற்றைத் தாளில் வரைந்து கொடுத்தபோது எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள்: தாளைத் திருப்பினார்கள், பிறகு நம்பாமல் இன்னொரு முறை திருப்பினார்கள். மாப்பிள்ளையின் பெயரைத் திருப்பினால் பெண்ணின் பெயர் வர வேண்டும் என்று கேட்டு ஓசூரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். காதலர்கள் குத்திய கையைச் சுழற்றிப் படம் எடுத்துப் போட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதியழகன் அங்கே வந்தது சாதாரண எழுத்துக்காகத்தான். அவனுடைய தாய்க்குப் படிக்கத் தெரிந்த ஒரே சொல் அவளுடைய பெயர். சோறு போடும்போது அவள் எதிரில் உட்காருவாள்; அவள் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றான். அடுத்த நிமிடமே, தானும் படிக்கும்படி இருந்தால் நல்லது என்றான். வீரமணி பட்டர் பேப்பரில் பெயரை எழுதிப் பார்த்துவிட்டு, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"தம்பி, இங்க பாரு. ப இருக்குதில்ல, அதக் கவுத்தா தொணக்காலு. கால நிமித்துனா ப. ப, காலு, இப்பன்னா, ப, காலு. தானா வருது தம்பி! நான் ஒண்ணுமே செய்ய வேண்டியதில்ல. நடுவுல இந்த இப்பன்னா ஒண்ணுதான் மொரண்டு புடிக்குது."

அந்த முரண்டைத் தீர்க்க அவனுக்கு அந்த மாலை முழுவதும் ஆயிற்று. பகரத்தின் வாயை மேலே மூடினான். தலைமேல் இருந்த புள்ளியை இறக்கிக் கட்டத்தின் நடுவில் வைத்தான். தாளைத் திருப்பினான். எதுவும் மாறவில்லை. குத்தி முடித்த பிறகு கூலி வாங்க மறுத்துவிட்டான்.

சில மாதங்கள் கழித்து மதியழகன் அந்தப் பக்கம் போனபோது, கடைப்பலகையில் அந்தக் கட்டமும் புள்ளியும் மட்டும் தனியாக இருந்தன. எப்படி ஒட்டினாலும் நேராக இருக்கும் ஒட்டுப்படம் அது. ஒட்டுகிற பையன்கள் தவறு செய்ய வழியில்லை. எண் பலகை மாட்ட வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்று இலவசமாகப் போனது. அப்போது மதியழகனுக்கு அது பெருமையாக இருந்தது.

இப்போது அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை வீரமணி ஒட்டுப்படம் வெட்டும் பொறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"யாரு அனுப்புனாங்க உன்னைய?"

"யாரும் அனுப்பலண்ணா. மேனேஜர் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"கிருஷ்ணகிரியில ஒருத்தன் என் டிசைனயெல்லாம் திருடிக்கிட்டிருக்கான். அவன் ஆளு எவனாச்சும் உங்க ஆபீஸ்ல இருக்கானா?"

"எனக்குத் தெரியாதுண்ணா. அந்த நடுவுல இருக்கறது எழுத்துதான், எங்கம்மா பேர்ல வர்ற எழுத்துன்னு சொன்னாப் போதும்."

வீரமணி பொறியை நிறுத்தினான். பெங்களூரில் பனியன் விற்கும் நிறுவனம் ஒன்று அந்தச் சின்னத்தைக் கேட்டிருந்தது. வணிகக் குறியாகப் பதிவு செய்ய முகவர் மூலம் விண்ணப்பித்திருந்தான். சின்னம் கடைக்காகவே, தன் சொந்தக் கற்பனையில் பிறந்தது என்று அதில் உறுதி கூறியிருந்தான். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும் அதையே சொல்ல வேண்டும் என்று முகவர் தொலைபேசியில் எச்சரித்திருந்தார். இதில் மதியழகனுக்குப் பனியன் விஷயம் மட்டும் தெரியும்.

"ரேஸ் விட்ட வண்டியில என் ஸ்டிக்கரு இருக்குதுன்னா, போலீசு இங்க வருமா?"

"அதான்ணா, நீங்க வந்து சொல்லிட்டா எல்லாம் தெளிவாயிரும்."

"தெளிவாயிரும்." வீரமணி அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். "சரி, வரேன். எழுதிக் கிழுதிக் குடுக்கச் சொல்லக் கூடாது. வாயாலதான் சொல்லுவேன்."

"வாயாலதான்ணா கேக்குறாரு."

"கையக் காட்டு." வீரமணி அவன் கையைப் பிடித்து, இரு புறமும் திருப்பி, கட்டத்தின் கோடுகளைக் கட்டை விரலால் தடவினான். "கோடு கொஞ்சம்கூட பரவல. நல்லா நின்னிருக்கு," என்றான். அந்த ஒரு கணம் மட்டும் அவன் முகம் பழையபடி இருந்தது.

வெள்ளிக்கிழமை, அழைக்காமலே பாப்பாவும் வந்தாள். மகன் வேண்டாம் என்றதற்கு, "எம் பேரப் பத்தித்தானடா பேசப்போறாங்க? நான் இல்லாம எப்புடி?" என்று கேட்டுவிட்டு, துவைத்த புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாடிப்படியில் இருமுறை நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சின் நடுவே இறங்கும் தழும்பின் மேல்முனை இரவிக்கைக் கழுத்துக்கு மேலே தெரிந்தது. வீரமணி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். அவனைக் கண்டதும் அவள் எழுந்து நின்றாள்.

மாதவராஜ் முதலில் அவளிடம் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார்.

"ஏம்மா, உம் பேரு எழுதத் தெரியுமா?"

"தெரியுங்க."

"எழுது பாக்கலாம்."

அவள் பேனாவை இறுகப் பிடித்து, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி எழுதினாள். நடு எழுத்துக்கு மேலே புள்ளியை வைக்கும்போது தாள் சற்றுக் கிழிந்தது. மாதவராஜ் மதியழகனின் கையை இழுத்துத் தாளுக்கு அருகில் வைத்தார். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல கட்டம் எங்க இருக்கு?"

"கட்டம் போட எனக்குத் தெரியாதுங்க," என்றாள் பாப்பா.

"உம் பேர்ல இல்லாதது உம் மவன் கையில எப்புடி வந்துச்சு?"

வீரமணி குறுக்கிட்டான். "நான் சொல்றேங்க சார்." தாளை வாங்கி, பின்புறத்தில் பெயரைத் தன் முறையில் வரைந்தான். ப எப்படிக் காலாகிறது, கால் எப்படிப் ப ஆகிறது என்பதைச் சொல்லச் சொல்ல அவன் குரல் உயர்ந்தது. தாளைச் சுழற்றி மாதவராஜ் முன்னால் வைத்தான். மாதவராஜ் அதைத் திருப்பினார். பிறகு, இன்னொரு முறை திருப்பினார். ஐஸ்வர்யா நாற்காலியை விட்டு எழுந்துவந்து எட்டிப் பார்த்தாள்.

"எம் பேரு வருமாண்ணா இப்புடி?"

"ஐகாரத்துல ஆரம்பிக்குதும்மா உம் பேரு. அது யாருக்கும் அடங்காது."

"எங்கம்மாவும் அதத்தாண்ணா சொல்லும்."

பாப்பா சிரித்தாள். மாதவராஜின் மீசையும் ஒரு பக்கம் அசைந்தது.

"கைவேல நல்லாத்தான் இருக்கு," என்றார் மாதவராஜ். கைப்பேசியை எடுத்தார். "இப்ப இதச் சொல்லு."

வீரமணி மோட்டார் சைக்கிள்களைப் பார்த்தான். "எங்க கடை ஸ்டிக்கருங்க சார். நம்பர் பிளேட்டு மாட்ட வர்ற எல்லா வண்டிக்கும் குடுக்கறது. அவனுங்க எங்க போயி என்ன பண்றானுங்கன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? அது குரூப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. கடை லோகோ. டிரேட் மார்க்குக்குப் போட்டிருக்குது."

"அப்ப இந்தக் கட்டம் உன் கடையோடது."

"ஆமாங்க."

"இவன் கையில இருக்கறதும் அதேதான்."

"அது... அதே டிசைன்தாங்க."

மாதவராஜ் பேனாவின் மூடியைக் கழற்றினார். "எது மொதல்ல? இவன் கையா, உன் கடையா?"

கீழே டயர்க் கடையில் காற்றடிக்கும் பொறி ஓடத் தொடங்கியது. வீரமணி தான் வரைந்த தாளைப் பார்த்தான். பிறகு மாதவராஜின் பேனாவைப் பார்த்தான். அந்தப் பேனா தாளின்மேல் தயாராக நின்றது.

"இத எழுதிக்கிறீங்களா சார்?"

"கேட்டா பதில் எழுதத்தான செய்வேன்?"

"கடைதாங்க சார்," என்றான் வீரமணி. "கடை லோகோதான் மொதல்ல."

"அண்ணா," என்றான் மதியழகன்.

பாப்பா ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். "எம் பேருக்குத்தானுங்களே தம்பி போட்டீங்க? கூலிகூட வேணாம்னுட்டீங்களாமே? அன்னைக்கு இவன் வூட்டுக்கு வந்து சொன்னானுங்களே?"

"பேருக்குத்தாம்மா போட்டது. நான் இல்லங்கல. நடுவுல இருக்கறது மட்டும் நம்ம டிசைனு. ஒரு அழகுக்கு வச்சது."

"அழகுக்கு," என்று மாதவராஜ் எழுதிக்கொண்டே சொன்னார். "போதும். மேல அனுப்பிச்சு முடிவு வந்ததும் சொல்றேன்."

மாடிப்படியில் வீரமணி முன்னால் இறங்கினான். கடைசிப் படியில் நின்று, பாப்பா மெதுவாக இறங்கி வருவதைப் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் பேசினான்.

"கவலப்படாத மதி. கேங்குன்னு சந்தேகப்பட்டாரு. அது இல்லன்னு ஆயிருச்சா? கடை லோகோன்னா அதுல தப்பு என்ன இருக்கு? எந்த ஊர்லயும் லோகோவுக்காக எவனையும் புடிச்சு உள்ள போட மாட்டான்."

"எது மொதல்லண்ணா?"

"உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

வீரமணி வண்டியின் இருக்கையில் தேங்கிய நீரைக் கைக்குட்டையால் துடைத்தான். "நாளைக்கே நீ வந்து, எங்கம்மா எழுத்து, அதுல எனக்குப் பங்குன்னு நிக்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? உன்னையச் சொல்லல. காலம் அப்புடி இருக்குது. ஏஜெண்ட்டு சொல்றான், வாயில வர்றதுதான் கோர்ட்டுல நிக்கும்னு." அவன் வண்டியை எடுத்தான். "அம்மாவப் பாத்துக் கூட்டிட்டுப் போ."

பேருந்தில் பாப்பா சன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வழக்கமாக அவன் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொள்பவள், அன்று இழுக்கவில்லை. மொரப்பூர் தாண்டியபின், "நான் வராமயே இருந்திருக்கலாம். எழுதச் சொன்னதும் எழுதிப்புட்டேன்," என்றாள்.

"நீ சரியாத்தாம்மா எழுதுன."

"அந்த மேல மூடறத எனக்குச் சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல நீ?"

முடிவு அடுத்த வாரம் வரவில்லை. அதற்குள் புயல் மழை பிடித்துக்கொண்டது. அரூர்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து சாலை அறுந்தது. கிழங்கு லாரிகள் வராத ஆலையின் வாயிலில் மதியழகனும் காசியம்மாளும் முழங்கால் நீரில் நின்று காவல் காத்தார்கள். பயிற்சி நிலையில் விடுப்பு என்பது வேலையை விடுவதற்குச் சமம்.

"சோத்துக் கையால கும்புட்டுச் சொல்றேன், நான் இந்தத் தண்ணியில ரெண்டு இஞ்சு வளந்துட்டேன்," என்றாள் காசியம்மாள். "வேணும்னா வந்து அளக்கச் சொல்லு."

நீர் வடிந்து பேருந்து ஓடத் தொடங்கியதும் இருவரையும் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அன்று வெயில் அடித்தது. காசியம்மாளை முதலில் உள்ளே அழைத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது கையில் மடித்த தாள் இருந்தது. காலணிகளை மாட்டிக்கொண்டு கயிற்றைக் கட்டத் தொடங்கினாள்.

"என்னக்கா?"

"ஒரு நூல்," என்றாள்.

மதியழகன் உள்ளே போனான். மாதவராஜ் மேசையில் இல்லை. ஐஸ்வர்யாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கணினித் திரையைப் பார்த்தபடி கடித வாசகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐஸ்வர்யா மதியழகனைக் கண்டதும் எழுந்து, அலமாரியைத் திறந்து, பாலித்தீன் உறையிலிருந்த புதுச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நிறுவனத்தின் நீலச் சட்டை; மடிப்பு கலையாதது.

"போட்டுப் பாருங்க. கை நீளம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"புது சட்டைங்களா?" அவன் உறையைப் பிரிக்காமல் பிடித்திருந்தான். "வண்டிக்குப் போறவங்க யூனிஃபார்முங்களா?"

ஐஸ்வர்யா மாதவராஜைப் பார்த்தாள். அவர் திரையிலிருந்து திரும்பவில்லை. "போட்டுப் பாருங்க," என்று மறுபடியும் சொன்னாள்.

அவன் அணிந்திருந்த அரைக்கைச் சட்டையைக் கழற்றிவிட்டு, புதியதைப் போட்டுக்கொண்டான். முழுக்கைச் சட்டை. கஞ்சி மணம் போகாத துணி முழங்கையில் மடங்க மறுத்தது. மணிக்கட்டில் பொத்தானைப் பூட்டினான். அளவு சரியாக இருந்தது.

"எங்க விட்டோம்?" என்றார் மாதவராஜ்.

ஐஸ்வர்யா மீண்டும் உட்கார்ந்து, திரையிலிருந்ததைப் படித்தாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "மேற்படி பயிற்சி நிலைக் காவலரின் இடது முன்கையில் காணப்படும் குறியில், தனியார் வணிக நிறுவனம் ஒன்றின் சின்னம் அடங்கியுள்ளது என்பது, அச்சின்னத்தின் உரிமையாளர் நேரில் அளித்த வாக்குமூலத்தால் உறுதியாகிறது."

"எனவே, அது பெயர் என்னும் விலக்கின் கீழ் வராது. நிரந்தரப் பணிக்கு இவர் தகுதியற்றவர். போடு. அடுத்த பத்தி."

"அடுத்த பத்தி, சார், காசியம்மாக்குப் போட்டதையே போட்டுரட்டுமா?"

"அதையே போடு. எல்லாருக்கும் அதான. கடைசியில மட்டும் ஒரு வரி சேத்துக்க."

விசைகள் சிறிது நேரம் ஒலித்தன. ஐஸ்வர்யா படித்தாள். "எனினும், தற்போதைய பயிற்சி நிலைப் பணியில், தற்போதைய நிபந்தனைகளின்படி, இவர் தொடர்ந்து பணிபுரிய ஆட்சேபணை ஏதும் இல்லை. பணி நேரத்தில் முழுக்கைச் சட்டை அணிதல் வேண்டும்."

"சார்," என்றான் மதியழகன். "அது எங்கம்மா பேருங்க சார்."

"நான் இல்லன்னு சொல்லலியே. உங்கம்மா என் முன்னாலதான எழுதிக் காட்டுச்சு? அந்தக் கட்டம் அதுல இல்ல. அத வச்சவன் தன்னுதுங்கறான். நான் யாரு நடுவுல?" மாதவராஜ் அச்சுப் பொறியின் அருகில் போய் நின்றார். "உன் மேல கேங்கு கேசு ஒண்ணும் எழுதல, பாத்தியா? வேற ஒருத்தனா இருந்தா வேலையவிட்டே அனுப்பியிருப்பான்."

தாள் வெளியே வந்தது. அவர் அதை மேசைமேல் வைத்து, கையெழுத்திட்டு, முத்திரையை ஊதிவிட்டுக் குத்தினார். மை உலர இருமுறை விசிறினார்.

"ரெண்டு மணி ஷிஃப்டு. கிழங்கு லாரி இன்னைக்கு நெறய வரும்னு ஆலையிலேருந்து போன் பண்ணான். பஸ்ஸ விட்டுறாத," என்று சொல்லி நீட்டினார்.

மதியழகன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மூடியிருந்தன.